திருப்பூரிலேயே இருப்பதா, கும்பகோணம் பக்கம் திரும்பிவிடுவதா? இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்

நூல்கண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பதினான்கு ஆண்டுகளாகத் திருப்பூரில் குடியிருக்கிறோம். அவர் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். மகன் ஏழாம் வகுப்பும் மகள் மூன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் கும்பகோணத்துக்கும் குத்தாலத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமம். அங்கே மாமனாரின் ஓட்டு வீடும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன.

சென்ற தை மாதம் மாமனார் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அவருக்கு வயது எழுபத்தாறு. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாங்கள் இரவுப் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். ஊரோடு போய்விடலாம், பாதிச் சம்பளம் கிடைத்தாலும் அங்கே போதும், வாடகை இல்லை, அரிசி வாங்க வேண்டாம், பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு வளருவார்கள் என்கிறார் கணவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே மாதம் பதினோராயிரம் வாடகை. நல்ல தண்ணீர் எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை, அதுவும் பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வருகிறது. குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும் எழுந்து, நான்கு நீல டிரம்களையும் குடங்களையும் நிரப்பி, கடைசியாகச் சமையலறைப் பாத்திரங்களிலும் பிடித்து வைத்துவிட்டுப் படுக்க ஒரு மணி ஆகிவிடும். துணி துவைக்கவும் குளிக்கவும் போர்வெல் உப்புத் தண்ணீர்தான். ஆனால் இதே ஊரில்தான் கல்லூரி முடித்து வந்த மூன்றாவது மாதம் எனக்கு வேலை கிடைத்தது. இந்த அலுவலகம் இல்லையென்றால் அடுத்த வாரமே இன்னோர் அலுவலகம் என்ற தைரியத்தில்தான் இத்தனை ஆண்டுகள் தலை நிமிர்ந்து வேலை பார்த்திருக்கிறேன். கும்பகோணத்தில் அந்தத் தைரியம் எனக்கு மிஞ்சுமா?

எந்த ஊர் உயர்ந்தது என்று நான் கேட்கவில்லை. கொங்குப் பகுதியிலும் காவிரி டெல்டாவிலும் சில ஆண்டுகளாவது குடித்தனம் நடத்தியவர்கள், வேலை, பிள்ளைகளின் படிப்பு, வயதானவர்களின் மருத்துவம், பெண்களின் அன்றாட வாழ்க்கை ஆகியவற்றில் தாங்கள் கண்டதை எழுதினால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கீழ்பவானி எழுதியது:

அம்மா, நான் பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது கோபிசெட்டிபாளையம் அருகே. பணிக்காலத்தில் ஒன்பது ஆண்டுகள் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் குடும்பத்தோடு இருந்தேன். டெல்டா என்றால் வளம், கொங்கு என்றால் வறட்சி என்று பள்ளிப் பாடத்தில் படித்ததை நம்பிக்கொண்டுதான் நானும் அங்கே போனேன். மழைக் கணக்கைப் பார்த்தால் அது சரிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கோவை, திருப்பூர் சமவெளிக்கு ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. நாகப்பட்டினம் கடலோரத்தில் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் கூலி, வேலை, கையிருப்பு என்று பார்த்தால் கணக்கு தலைகீழாக இருந்தது. ஏன் அப்படி என்று யோசிப்பதிலேயே என் ஒன்பது ஆண்டுகளும் கழிந்தன.

எங்கள் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் எட்டாத நிலமே அதிகம் என்பதால் ஒவ்வொரு குடும்பமும் தன் தோட்டத்தில் தன் கிணற்றைத் தானே வெட்டிக்கொண்டது. 1888-இல் கோவையில் முதல் பஞ்சாலை தொடங்கியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வேகமாகப் பெருகின. கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது. மோட்டாருக்கு வார்ப்படப் பட்டறை தேவைப்பட்டது. பட்டறைக்கு லேத் ஓட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. சிறியதோ பெரியதோ, நிலம் தன் பெயரில் இருந்த குடும்பங்கள் அதை அடகு வைத்துத் தொழிலில் இறங்க முடிந்தது. 'தண்ணீர் இல்லாததால் உழைத்து முன்னேறினார்கள்' என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உழைப்பு எங்கும்தான் இருந்தது. உழைத்தவன் பெயரில் நிலம் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

டெல்டாவில் நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் ஆகியோரின் கையில் இருந்தது. உழுதவர்கள் பண்ணையாட்களாகவும் குத்தகைக்காரர்களாகவும் இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற 1952-இல் தனியாக ஒரு சட்டமே தேவைப்பட்டது. அதற்குப் பிறகும், கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். மறுபுறம், நிலமுள்ளவர்களிடம் மிஞ்சிய பணம் ஊரில் பட்டறையாக முளைக்காமல் பிள்ளைகளின் படிப்பாகி, அரசு வேலையாகிச் சென்னைக்குப் போயிற்று. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-இல் தொடங்கியது. அதில் படித்துப் பெரிய பதவிகளுக்குப் போனவர்கள் ஏராளம், திரும்பி வந்து அங்கே தொழில் தொடங்கியவர்கள் மிகச் சிலர். இன்றைக்கும் டெல்டாவின் கையிருப்பில் பெரும்பங்கு வெளியிலிருந்து, அதாவது சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் உங்கள் திருப்பூரிலிருந்தும், வருவதுதான்.

இன்னொன்று, அங்கே பணம் ஆற்றோடு வந்து ஆற்றோடு போகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது 1934-இல் அணை கட்டி முடித்த காலத்திலிருந்து வந்த வழக்கம். அறுவடைப் பணம் தீர்ந்த மாசி, பங்குனிக்குப் பிறகு கடைத்தெருவே மந்தமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், தீபாவளிக்குச் சரக்கு எடுக்க ஈரோட்டுக்குப் புறப்படும் முன் என்னை அழைத்து அணையின் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்பார். உங்கள் கணவர் அங்கே தொழில் ஏதாவது தொடங்க நினைத்தால் இந்த நான்கைந்து மாத மந்தத்தைத் தாங்கும் முதல் கையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் ஊர்ப்பக்கம் கொடுத்து வைத்த இடம். கடலோரத்தை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பாகிவிடும். கும்பகோணம், குத்தாலம் வரையில் அந்தக் கஷ்டம் இல்லை. திருப்பூரின் வளர்ச்சிக்கு நொய்யல் ஆறு கொடுத்த விலையை நான் நேரில் பார்த்தேன். பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. அணைக்குக் கீழே தென்னைகள் மட்டை காய்ந்து நின்றதைப் பார்த்தபோது, ஒரு பாசனப் பொறியாளனாக எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை இறுகியது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிப் பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குப் பிரிக்கப்படுகிறது. அது நிலத்தடி நீருக்கு உதவும். உங்கள் தெருக் குழாய்க்கு அதனால் நேரடிப் பயன் இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. உங்கள் மாமனாரின் வீட்டு மனை பட்டா நிலமா, கோயில் அல்லது மடத்து அடிமனையா, அதாவது மண் அவர்களுக்கும் அதன் மேல் உள்ள வீடு மட்டும் உங்களுக்கும் சொந்தமா என்று முதலில் பாருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீடு என்று வாழ்கிறவர்களில் பலருக்குச் சுவர் மட்டும்தான் சொந்தம். அடிமனையாக இருந்தால் வீடு கட்ட வங்கிக் கடன் கிடைப்பது கடினம். 'வாடகை இல்லை' என்ற கணக்கை அதைப் பார்த்த பிறகு போடுங்கள்.

பாமணியாற்றங்கரை எழுதியது:

சகோதரி, நீங்கள் வந்த வழியில் எதிர்த்திசையில் வந்தவள் நான். அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, மன்னார்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன்.

எங்கள் அப்பாவின் தோட்டத்தில் பக்கத்து வீடு என்பது கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் இருந்தது. கொங்குநாட்டில் விவசாயிகள் அவரவர் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்தச் சுதந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட பிறகு அதே வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். 2024, 2025 ஆண்டுகளில் பல்லடம், சிவகிரிப் பக்கங்களில் அப்படி இருந்தவர்கள் கொலையுண்ட செய்திகளுக்குப் பிறகு என் அம்மா இரவில் வாசல் விளக்கை அணைப்பதே இல்லை. டெல்டாவில் வீடுகள் தெருவாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. உங்கள் மாமனாரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எங்கள் தோட்டமாக இருந்திருந்தால் அவர் விழுந்த சத்தமே யாருக்கும் கேட்டிருக்காது.

ஆனால் சுவரோடு சுவர் என்பதற்கு ஒரு விலையும் உண்டு. திருப்பூரில் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகத் தெருவில் நடந்து வருவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே நான் சிறப்பு வகுப்பு முடித்து ஏழரை மணிக்கு வீடு திரும்பினால், திண்ணையில் இருப்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள், 'ஏன் இவ்வளவு நேரம்' என்று. தினமும் கேட்கிறார்கள். முதல் மூன்று ஆண்டுகள் அந்தக் கேள்விக்குப் பயந்தே சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். பிறகு பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும். நீங்கள் பதினான்கு ஆண்டுகள் கேள்வி இல்லாமல் இருந்தவர் என்பதால் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

படிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தக் குறையும் இல்லை. அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் நன்றாகவே நடக்கின்றன. 2009-இல் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. எங்களுக்கு மனம் வலிப்பது அதற்குப் பிறகு நடப்பதில்தான். நன்றாகப் படித்த என் மாணவர்களில் வேலைக்காக இங்கேயே தங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். உங்கள் ஊரில் நீங்கள் பார்த்துக்கொள்ள வந்த முதியவர்களைப் போலவே நீங்களும் ஒரு நாள் வெளியூர் போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்க வேண்டி வரலாம். மகனை மாற்றுவதாக இருந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு முன் மாற்றுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், அப்பா வீட்டுக்கே திரும்பிவிடுகிறாயா என்று கேட்டால் எனக்கு மனம் வராது. ஜூன் மாதக் கடைசியில் பாமணியாற்றில் புதுத் தண்ணீர் வரும். காய்ந்த மணலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, கணுக்கால் உயரத்தில், மெதுவாக வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே வருவார்கள். ஆயிரம் அடி போர்வெல் போட்டுப் புழுதி மட்டும் பறந்ததைப் பார்த்து அழுத அப்பாவின் மகள் நான். முதல் முறை அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

பவர் டேபிள் எழுதியது:

அக்கா, மேலே எழுதியவர்கள் இருவரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் இடத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது என்பதால் எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் வயல் கூலிகள். எங்கள் குடும்பத்துக்கு ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. 2009-இல் பத்தாம் வகுப்போடு திருப்பூருக்கு வந்து, டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, இப்போது டைலராக இருக்கிறேன்.

ஊரில் அப்பாவுக்கு நடவு, அறுப்பு என்று ஆண்டில் சில மாதங்களே வேலை இருந்தது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதுவும் குறைந்தது. கூலியை வாங்க வாசலில் நின்று கூப்பிட வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை மாலை என் கணக்கைப் பார்த்து என் கையில் பணம் தருகிறார்கள். நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்று என் லைனில் யாரும் கேட்டதில்லை. வாழ்க்கைத் தரம் என்று நீங்கள் எல்லோரும் எழுதுவதில் எனக்கு முதலாவது இதுதான். அதற்காக ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து முதுகு போய்விட்டது என்பதையும் மறைக்கவில்லை. 2020 ஊரடங்கில் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருந்தோம். கொங்கு நாடு சமத்துவ பூமி என்றும் சொல்ல மாட்டேன். கம்பெனிக்குள் கேட்காத கேள்வியை, வாடகைக்கு வீடு தேடிப் போனபோது நான்கு வாசல்களில் கேட்டார்கள். நாலாவது வாசலில் என் மனைவி பதில் சொல்லாமல் திரும்பி நடந்துவிட்டாள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. இரண்டு நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் குடிசைக் கூரை மூன்று வீடு தள்ளிக் கிடந்தது. அம்மா பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தார். அதற்குப் பிறகு கட்டிய காங்கிரீட் வீடு முழுக்கத் திருப்பூர்ப் பணம். உங்களிடம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதனால் திரும்பிப் போவதைப் பற்றி யோசிக்க முடிகிறது. தவறாகச் சொல்லவில்லை அக்கா. அந்த வயலை இப்போது யார் பார்க்கிறார்கள், நீங்கள் போனால் அவர்கள் கதி என்ன என்பதையும் பேசி முடித்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நான் கோவையில் எட்டு ஆண்டுகளும் தஞ்சாவூரில் ஐந்து ஆண்டுகளும் செவிலியராக வேலை பார்த்தவள். மருத்துவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இடுப்பு எலும்பு அறுவை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்புரை போன்றவற்றுக்கு டெல்டாவில் நல்ல வசதி இருக்கிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி பழைய, பெரிய நிறுவனம். 2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் நாகப்பட்டினமும் இருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம் என்று நேரம் முக்கியமான நோய்களில்தான் வேறுபாடு தெரியும். கோவையில் அரை மணியில் கிடைக்கும் சிகிச்சைக்கு உங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் வரை போக வேண்டியிருக்கலாம். எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்பதை முன்கூட்டியே முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். மாமனாரின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே பதிந்துகொள்ளுங்கள். எலும்பு கூடினாலும் நடக்கப் பயந்தே படுத்துவிடுகிறவர்கள் அதிகம். கூட ஒருவர் கையைப் பிடித்து நடத்தினால் எழுந்துவிடுவார்கள்.

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு முறை படித்தேன், கணவரும் படித்தார். கோவை–மயிலாடுதுறை ஜன சதாப்தியில் போன வாரம் ஊருக்குப் போயிருந்தோம். ஐயா சொன்னபடி மாமனாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். வயலுக்குப் பட்டா இருக்கிறது. வீட்டு மனை கோயில் அடிமனைதான். கடைசி ரசீது 1998-ஆம் ஆண்டுடையது, அதுவும் மாமனாரின் தகப்பனார் பெயரில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அதைச் சொந்த மனை என்றே நினைத்திருந்தோம்.

தம்பி கேட்ட கேள்வி எங்கள் இருவரையும் உறுத்தியது. வயலைக் குத்தகைக்கு உழுகிறவர் பதினெட்டு ஆண்டுகளாக உழுகிறார். அவரிடமே அது இருக்கட்டும், நெல்லில் எங்கள் பங்கு போதும் என்று கணவர் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என் அலுவலகத்தில் நான்கு கம்பெனிகளின் கணக்கை ஊரிலிருந்தே பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; சம்பளம் பாதிக்குச் சற்று மேல். ஜூன் மாதம் நானும் பிள்ளைகளும் ஊருக்குப் போகிறோம். கணவர் இந்த ஆண்டு முழுவதும் திருப்பூரிலேயே இருந்துகொண்டு மாதம் இரண்டு முறை வருவார். மகன் எட்டாம் வகுப்பை முடிக்கும்போது, அங்கேயே இருப்பதா திரும்புவதா என்று நாங்கள் இருவருமே சேர்ந்து முடிவு செய்வதாகப் பேசியிருக்கிறோம். வேலையை முழுவதுமாக விடமாட்டேன் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஐயா, அந்த அடிமனை ரசீதில் பெயர் மாற்ற எங்கே தொடங்க வேண்டும்?

கீழ்பவானி எழுதியது:

அம்மா, கோயில் அலுவலகத்தில் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டில் உங்கள் மனைக்கு எவ்வளவு பாக்கி என்று முதலில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பாக்கியைச் செலுத்தி ரசீது பெற்ற பிறகு, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்துச் செயல் அலுவலரிடம் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். முதலில் மாமனாரின் பெயருக்கு மாற்றுங்கள். நேராக உங்கள் கணவர் பெயருக்குப் போக வேண்டாம், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று இழுத்துக்கொண்டே போகும். அது முடியும் வரை குளியலறை கட்டுவது உட்பட எந்தப் புது வேலையையும் தொடங்காதீர்கள். அளவு பார்க்க ஆள் வரும் நாளில் மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்தாவது வெளியே கொண்டுவாருங்கள். பழைய எல்லைக்கல் கொல்லையில் எந்த மரத்தடியில் இருந்தது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.